முயலின் தலையீற்றுக் குட்டிகளும் முதற் பத்து நாட்களும்

பசு, எருமை, வெள்ளாடு முதலியவற்றின் தலையீற்றைக் கண்டு பழகிய குடியானவர்களுக்கு முயலின் தலையீற்று முற்றிலும் புதியதொரு விஷயமாகும். கன்று பிறந்த சிறிது நேரத்திற்குள் தள்ளாடி எழுந்து மடியைத் தேடுகிறது. பசுவோ அதை நக்கிக்கொடுத்து, அயலார் ஒருவரையும் அண்டவொட்டாமல் காத்து நிற்கிறது. முயற்குட்டியோ கண் திறவாமலும், காது தலையோடு ஒட்டியும், உடம்பில் மயிரே இல்லாமலும், எலிக்குஞ்சைப்போலப் பிறக்கிறது. அதன் நிறை உத்தேசமாக 40 முதல் 60 கிராம் வரையில்தான் இருக்கும். தாய் அதை ஈன்று, நக்கிச் சுத்தஞ்செய்து, பாலும் கொடுத்துவிட்டு, பெட்டியை விட்டு வெளியேறி வேறொரு மூலையில் படுத்துக்கொள்ளுகிறது. இதைக் கண்டவர்கள், "தாய் குட்டியைச் சீந்தவில்லை" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். தலையீற்றுக் குட்டிகள் பல மடிவதற்கு இம்முடிவும் ஒரு காரணம் என்பது அனுபவத்தில் கண்டதாகும்.

கல்வராயன் மலையடிவாரத்துக் கிராமங்களில் இம்மயக்கத்திற்கு வேறொரு காரணமும் உண்டு. அங்குள்ளோர் கொல்லைகளிலும் புதர்களிலும் காட்டுமுயலின் குட்டியைக் கண்டிருக்கிறார்கள். அது பிறக்கும்போதே உடல் முழுதும் மயிருடனும் திறந்த கண்களுடனும் இருக்கும். வெறுந்தரையில் தனியே கிடந்தும் பிழைத்துக்கொள்ளும். ஆகவே வளர்ப்பு முயலின் குட்டியைப் பார்த்ததும், "இது மாதம் நிறையாமல் பிறந்தது, தேறாது" என்று கைவிடுகிறார்கள். உண்மையில் இவ்விரண்டும் வெவ்வேறு சாதிகள். ஒன்றோடொன்று சேர்ந்து குட்டி ஈனுவதுமில்லை. வளர்ப்பு முயலின் மூதாதைகள் ஐரோப்பாவில் வளை தோண்டி வாழ்பவை. காட்டுமுயலைப் பிடிப்பதும் வேட்டையாடுவதும் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும், வீட்டில் வளர்க்கும் முயலுக்கு அந்தத் தடை இல்லை என்பதையும் கிராம அதிகாரிகள் தம்மிடம் கேட்பவர்களுக்குத் தெளிவாகச் சொல்லுவது நலம். இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணி அஞ்சுவோரும் இருக்கிறார்கள். இதுவே சாக்காகக் காட்டுமுயலைக் கூண்டில் அடைப்போரும் இருக்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், சுந்தரமூர்த்தி நாயனார் அவதரித்த தலமாகிய திருநாவலூரில், நெல்லும் கரும்பும் மணிலாவும் பயிரிடும் ஒரு குடும்பத்தார் மாட்டுக்கொட்டகையின் ஓரத்தில் சார்ப்பு இறக்கி, மூன்று பெட்டை முயல்களும் ஓர் ஆண் முயலும் வைத்திருந்தனர். முதற் பெட்டை மார்கழி மாதத்து இரவொன்றில் ஏழு குட்டிகள் ஈன்றது. விடியற்காலையில் அவ்வீட்டு மூதாட்டியார் சென்று பார்த்தபோது, குட்டிகள் யாவும் கம்பிவலைத் தரையில் ஒன்றுக்கொன்று எட்டத்தில் சிதறி விறைத்துக் கிடந்தன. எல்லாம் இறந்தன என்று அவற்றை முறத்தில் அள்ளிக் குப்பைமேட்டிற்குக் கொண்டுசெல்லுமுன், வேறு வேலை குறுக்கிட்டதால் முற்றத்தில் வைத்துவிட்டார். வெயில் ஏறியபின் பார்த்தால் இரண்டு குட்டிகள் காலை அசைத்தன! அன்று அவ்வழியே சென்ற என்னைக் கூப்பிட்டு, "ஐயா, இது தாயா, பேயா? பெற்றதை எட்டிக்கூடப் பார்க்கவில்லையே!" என்றார்.

அங்கு நடந்த பிழைகளுள் ஒன்று அவர்களுடையது, மற்றொன்று என்னுடையது. அவர்கள், சினையான பதினைந்தாம் நாளிலேயே பெட்டியைக் கூண்டிற்குள் வைத்துவிட்டார்கள். முயல் அதைத் தன் கழிப்பிடமாக்கிக்கொண்டது. ஈனும் வேளை வந்தபோது, ஈரமும் நாற்றமும் நிறைந்த அப்பெட்டியை விட்டு வெளியே கம்பித் தரையில் ஈன்றது. என் பிழை யாதெனில், உயிருடனிருந்த இரண்டு குட்டிகளுக்கும் பசும்பாலைப் பேனா மைநிரப்பியால் புகட்டும்படி சொன்னதேயாகும். ஒன்று மறுநாளே மூச்சுத் திணறி இறந்தது. பால் நுரையீரலுக்குள் சென்றிருக்க வேண்டும். மற்றொன்று கழிச்சல் கண்டு நான்காம் நாள் மடிந்தது. தாயின் மடியிலோ பால் நிறைந்திருந்தது. குட்டிகளை உலர்ந்த பெட்டியில் வைத்துத் தாயை அதன்மேல் நிறுத்தியிருந்தால் இரண்டும் பிழைத்திருக்கக்கூடும்.

தாய் முயல் ஏன் குட்டிகளிடம் தங்குவதில்லை என்பதை அறிந்துகொண்டால் பாதிக் கவலை தீரும். காட்டில் வாழும் முயல் தனி வளையொன்றில் ஈன்று, வளையின் வாயை மண்ணால் அடைத்துவிட்டுப் போய்விடுகிறது. அடிக்கடி வந்துபோனால் நரி முதலிய பகைவிலங்குகள் வழி கண்டுகொள்ளும். ஆகையால் நாளைக்கு ஒருமுறை, பெரும்பாலும் இரவிலோ வைகறையிலோ வந்து, மூன்று நான்கு நிமிஷங்களில் பாலூட்டிவிட்டு மீளுகிறது. வளர்ப்பு முயலிலும் இவ்வழக்கமே நிலைத்திருக்கிறதென்பதை 1965-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஸாரோ என்பவரும் அவரது கூட்டாளிகளும் சோதித்து வெளியிட்டனர். ஆட்டுக்குட்டியைப்போல முயற்குட்டி எந்நேரமும் மடியில் தொங்குவதில்லை. கிடைக்கும் சில நிமிஷங்களில் தன் உடல் நிறையில் ஐந்தில் ஒரு பங்கிற்கு மேலும் பால் குடித்துவிடுகிறது. கண் தெரியாத குட்டி இவ்வளவு விரைவாகக் காம்பைக் கண்டுபிடிப்பது வாசனையால்தான். பாலிலுள்ள ஒரு வாசனைப் பொருளே குட்டியை இவ்வாறு தூண்டுகிறதென்று 2003-ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்து ஷால் முதலியோர் கண்டறிந்தனர்.

அந்தப் பால் எத்தகையது என்பதையும் கவனிக்க வேண்டும். பசும்பாலில் கொழுப்பு நூற்றுக்கு நான்கு பங்கு அளவில் இருக்க, முயற்பாலில் பத்துப் பங்கிற்கு மேல் இருக்கிறது. புரதமும் ஏறக்குறைய அவ்வளவே. பாற்சர்க்கரை மட்டும் பசும்பாலைவிட மிகக் குறைவு. இத்தகைய பாலால்தான் குட்டி ஏறக்குறைய ஒரு வாரத்தில் பிறவி நிறையைப்போல் இருமடங்காகிறது. இதற்கு ஈடான பாலை நாம் வீட்டில் தயாரிப்பது எளிதன்று. ஆகையால் புட்டிப்பால் கடைசி வழியேயன்றி முதல் வழி ஆகாது.

இனி, ஏற்பாடுகளைச் சொல்லுவோம். ஆண் முயலிடம் பெட்டையைக் கொண்டுபோய்ச் சேர்த்த தேதியைக் கூண்டின்மேல் தொங்கும் அட்டையில் குறித்துவைத்தாலன்றி மற்ற யாவும் வீண். சினைக்காலம் 30 முதல் 32 நாட்கள். இருபத்தேழாம் அல்லது இருபத்தெட்டாம் நாளில் பெட்டியை வைக்க வேண்டும். அதற்கு முன்னும் வேண்டாம், பின்னும் வேண்டாம். ஒன்றேமுக்கால் அடி நீளமும், ஓர் அடி அகலமும், ஓர் அடி உயரமும் உள்ள மரப்பெட்டி நடுத்தர முயலுக்குப் போதும். பெட்டி மிகப் பெரிதாயிருந்தால் குட்டிகள் பிரிந்து கிடந்து குளிரும். முன்பக்கத்தில் தாய் தாண்டிச் செல்லத்தக்கதாய் அரை அடி உயரத்திற்குப் பலகை இருக்க வேண்டும். இப்பலகை அற்பமாகத் தோன்றும். ஆனால் பால் குடிக்கும்போது காம்பை விடாமல் பற்றிய குட்டியைத் தாய் வெளியே இழுத்துவருவதை இதுவே தடுக்கிறது. பூனை தன் குட்டியைக் கௌவித் தூக்கிச் செல்லுவதுபோல முயல் செய்வதில்லை. வெளியே விழுந்த குட்டி, நாம் எடுத்து வைத்தாலொழிய, விழுந்த இடத்திலேயே குளிர்ந்து சாகும்.

பெட்டிக்குள் நன்றாக உலர்ந்த தென்னை நாரையோ மெல்லிய வைக்கோலையோ நான்கு அங்குலம் பரப்பி, நடுவில் கையால் குழி செய்துவைக்க வேண்டும். பூஞ்சை பிடித்த மணிலாக் கொடியும், மூக்கை அடைக்கும் மரத்தூளும் உதவா. பஞ்சும் நூற்பிசிறும் குட்டிகளின் காலிலும் கழுத்திலும் சுற்றிக்கொள்ளுமாதலால் அவற்றையும் விலக்க வேண்டும். ஈனுவதற்குச் சற்று முன் தாய் தன் மார்பிலும் வயிற்றிலுமுள்ள மயிரைப் பறித்து அதன்மேல் இடும். தலையீற்றுப் பெட்டைகள் சில இதைச் செய்ய அறியா. அப்போது நாமே அதன் வயிற்று மயிரை மெதுவாகப் பறித்து இடலாம்; அச்சமயத்தில் அது வருத்தமின்றி எளிதில் வந்துவிடும். மயிரை மிகுதியாக இடும் நல்ல தாய் ஒன்று இருந்தால், அதன் மிச்ச மயிரைத் துணிப்பையிலிட்டு உலர்ந்த இடத்தில் சேமித்துவைப்பது உசிதம். மேற்சொன்ன மூதாட்டியார் பிற்காலத்தில் இதை உப்புப் புளியைப்போல் வீட்டில் எந்நாளும் வைத்திருந்தார்.

முயல் பெரும்பாலும் இரவில் ஈனும். அரைமணி நேரத்திற்குள் முடிந்துவிடும். அன்று கூண்டில் தண்ணீர் குறையவே கூடாது. தாகத்தாலும், நாய் குரைத்தல், பட்டாசு, கூட்டம் முதலியவற்றால் உண்டாகும் திகிலாலும் தலையீற்றுத் தாய் குட்டியைக் கடிப்பதும் தின்பதும் உண்டு. நஞ்சுக்கொடியைத் தின்பது எல்லா முயலுக்கும் இயல்பே. அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அந்த வேகத்தில் குட்டியின் காது நுனியோ வாலோ அறுபடுவது தற்செயலான விபத்து. ஒரே ஈற்றை வைத்துத் தாயைக் கழித்துவிடுதல் தவறு. ஊராரும் குழந்தைகளும் வேடிக்கை பார்க்க வருவதை முதல் ஒரு வாரம் கண்டிப்பாய் நிறுத்த வேண்டும்.

மறுநாட்காலையில் வளர்ப்பவர் ஒருவர் மட்டும், அதுவும் தினந்தோறும் தீனியிடுபவரே, தாய்க்குச் சிறிது பசுந்தழையைக் கொடுத்துவிட்டுப் பெட்டியைப் பார்க்க வேண்டும். "மனிதர் கை பட்டால் தாய் குட்டியை ஒதுக்கிவிடும்" என்று பலரும் சொல்லுவது பழகிய முயலைப் பொறுத்தமட்டில் மெய்யன்று. ஆயினும் கையைக் கழுவி, பெட்டியிலுள்ள நாரில் தேய்த்துக்கொண்டு தொடுவது நல்லது. நாயையோ பூனையையோ தொட்ட கையால் தொடலாகாது. இறந்த குட்டியையும், எஞ்சிய கொடியையும், இரத்தம் தோய்ந்த நாரையும் அகற்றி, உயிருள்ளவற்றை எண்ணி மயிரால் மூடிவைக்க வேண்டும். இச்சோதனையைப் பத்து நாள் வரை ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டும். பார்த்துவிட்டு உடனே விலகிவிட வேண்டுமேயன்றி, அங்கேயே குந்தியிருத்தல் கூடாது.

பால் குடித்த குட்டியின் வயிறு உருண்டு, தோல் இழுத்துப் பளபளப்பாய் இருக்கும். உள்ளே பால் வெண்மையாய்த் தெரிவதும் உண்டு. பசித்த குட்டியின் தோல் கிழவர் கைபோலச் சுருங்கியிருக்கும். தொட்டவுடன் வாயைத் தூக்கித் துள்ளும். எல்லாக் குட்டியும் வயிறு நிறைந்திருந்தால், தாய் எங்கே படுத்திருந்தாலும் நமக்குக் கவலையில்லை. ஒரு நாள் முழுதும் கழிந்தும் ஒன்றுகூடப் பால் குடித்ததாகத் தோன்றாவிடில், தாயை மெதுவாகத் தூக்கிப் பெட்டிக்குள் குட்டிகள்மேல் நிற்கவைத்து, முதுகைத் தடவியபடி ஐந்து நிமிஷம் அசையாமல் பிடித்திருக்க வேண்டும். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை இவ்வாறு இரண்டு மூன்று நாள் செய்தால் பெரும்பாலும் தானே ஊட்டத் தொடங்கும். அதற்கும் இணங்காவிட்டால் மடியைப் பார்க்க வேண்டும். மடி கன்றிச் சிவந்து, கட்டிபோல் இறுகி, தொட்டால் வலிப்பதாகக் காணப்பட்டால் அது மடிநோய். தாமதமின்றிக் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். அத்தாயின் குட்டிகளை வேறு தாயிடம் விடுதலும் ஆகாது. நோயும் கூடவே செல்லும்.

பசியைவிடக் கொடியது குளிர். முதல் ஒரு வாரத்தில் குட்டிக்குத் தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் சக்தி போதாது. தோள்களுக்கிடையே பிறவியிலேயே அமைந்த ஒருவகைக் கொழுப்பை எரித்துச் சிறிது வெப்பம் உண்டாக்கிக்கொள்ளும். பால் கிடையாமலும் தனித்துக் கிடந்தும் அக்கொழுப்புத் தீர்ந்துபோனால் விறைத்துவிடும். குளிர்ந்த குட்டிக்குப் பாலைக் குடிக்கவும் வலுவில்லை. ஆகையால் முதலில் வெப்பம், பிறகுதான் பால் என்ற வரிசை மாறக்கூடாது. விறைத்த குட்டியை இறந்ததென்று எறிந்துவிடாமல், இரு உள்ளங்கைகளுக்கிடையிலோ, துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியின் பக்கத்திலோ வைக்க வேண்டும். அல்லது கை பொறுக்கும் இளஞ்சூடான நீரில் கழுத்துமட்டும் அமிழ்த்தி, அசைவு கண்டபின் நன்றாகத் துடைத்து உலர்த்தி, மற்றக் குட்டிகளின் நடுவே விட வேண்டும். வெப்பமேறிய பின்னும் அசையாவிட்டால்தான் அது இறந்தது. முறத்தில் வெயில் பட்டு எழுந்த அந்த இரண்டு குட்டிகளும் எனக்குக் கற்பித்த பாடம் இது.

முயற்பண்ணைகளில் முதன்மையானவை நீலகிரியில் சாண்டிநல்லாவிலுள்ள செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையமும், கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூரிலுள்ள மத்திய செம்மறியாடு மற்றும் உரோம ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையமும் ஆகும். சோவியத் சின்சில்லா, வெள்ளை ஜெயண்ட், நியூசிலாந்து வெள்ளை முதலிய இனங்கள் நம் குடியானவர்களிடம் வந்துசேர்வது இத்தகைய நிலையங்களின் வழியாகவேயாகும். ஆனால் இவ்விரண்டும் குளிர்ந்த மலைப்பிரதேசங்கள். அங்கே கைக்கொள்ளும் முறையைக் கெடிலக்கரையில் அப்படியே பின்பற்றினால் சித்திரை, வைகாசியில் குட்டிகள் வெந்துபோகும். திருநாவலூர்ப் பக்கத்துக் கோடையில் பெட்டியின் அடிப்பலகையை நீக்கிக் கம்பிவலை அடித்து, நாரையும் மயிரையும் குறைத்து, கொட்டகையின் ஓரங்களில் ஈரக் கோணி தொங்கவிட வேண்டும். குட்டிகளே நமக்கு வெப்பமானி. ஒன்றன்மேலொன்று நெருங்கி அமைதியாய் உறங்கினால் சரியான வெப்பம். தனித்தனியே விலகி, உடல் சிவந்து, மயிருக்கு மேலே வந்து கிடந்தால் புழுக்கம். வெள்ளிமலை முதலிய மலைக்கிராமங்களிலோ இரவு குளிர் மிகுதியாதலால் அடிப்பலகையும் தடித்த படுக்கையும் வேண்டும். சமவெளியில் கடுங்கோடையில் ஆண் முயலுக்கு வீரியம் குறைந்து, பெட்டை சினைப்படுவதே அரிதாகிறது. என் அபிப்பிராயத்தில் தலையீற்று மாசி, பங்குனிக்குள்ளோ புரட்டாசியிலோ அமையும்படி சேர்ப்பதே சிலாக்கியம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் படுக்கையை உலர்வாய் வைத்திருப்பது அனுபவசாலிகளுக்கே கடினம்.

எறும்பைப்பற்றி எந்தப் புத்தகத்திலும் அதிகமாக எழுதக் காணோம். நம் ஊர்களிலோ அது பெரிய சத்துரு. கொடியின் வாசனைக்கு வரும் செவ்வெறும்பு ஒரே இரவில் ஓர் ஈற்றை முழுவதும் முடித்துவிடும். கூண்டின் நான்கு கால்களையும் நீர் நிறைந்த தகரக் குவளைகளில் நிறுத்துவதே போதுமானது. எறும்புப்பொடியைப் பெட்டியருகில் தூவலாகாது. பாம்பும் பெருச்சாளியும் நுழையாதபடி கம்பிவலையின் கண் அரை அங்குலத்திற்கு மேற்படாமல் இருக்க வேண்டும்.

முயலுக்குப் பெரும்பாலும் எட்டுக் காம்புகள் உண்டு. தலையீற்றுத் தாயிடம் ஆறு அல்லது ஏழு குட்டிகளை விடுதல் போதும். ஆகையால் இரண்டு பெட்டைகளை ஒரே நாளில் சேர்த்து, ஒரே சமயத்தில் ஈனும்படி செய்வது மிகவும் அனுகூலம். ஒன்றிடம் பத்தும் மற்றொன்றிடம் நான்குமாக இருந்தால் முதல் மூன்று நாட்களுக்குள் பகிர்ந்துவிடலாம். மாற்றும் குட்டியைப் புதிய தாயின் மயிரில் புரட்டி, நடுவில் வைத்தால், முயல் வேற்றுமை பாராட்டுவதில்லை. ஒரே பெட்டையை வாங்கி வளர்க்கிறவர்களுக்கு இவ்வசதி இல்லை.

தாயின் தீனியை ஈன்ற அன்றே ஒரேயடியாக ஏற்றக்கூடாது. முதல் இரண்டு நாள் அடர்தீனியைக் குறைத்துப் பசுந்தழையும் தண்ணீரும் கொடுத்து, பிறகு படிப்படியாக ஏற்றி, ஒரு வாரத்திற்குப் பின் தின்னுமளவு கொடுக்கலாம். பால் மிகுவது மூன்றாம் வாரத்தில். வேலிமசால், குதிரைமசால், அகத்தி, கலியாண முருங்கைத் தழை ஆகியவை நல்லவை. பனி நீர் சொட்டும் தழையை வாட்டிக் கொடுக்க வேண்டும். பூஞ்சை மணம் வீசும் மணிலாப் பிண்ணாக்கை மாட்டிற்கே இடக்கூடாது. முயலுக்கு அது விஷம்.

நான்காம் நாள் அளவில் குட்டிகளுக்கு மயிர் அரும்பும். பத்து முதல் பன்னிரண்டு நாட்களுக்குள் கண் திறக்கும். பதினான்காம் நாளிலும் இமை ஒட்டியிருந்தால், கொதித்து ஆறிய நீரில் சுத்தமான துணியை நனைத்து ஒற்றியெடுக்க வேண்டும், வலிந்து பிரித்தலாகாது. பதினைந்து நாளுக்குப் பின் குட்டிகள் வெளியே வரத் தொடங்கும். மூன்று வாரத்தில் தழை கொறிக்கும். அப்போது பெட்டியை எடுத்துவிடலாம். தாயைப் பிரிப்பது ஐந்து அல்லது ஆறு வாரத்தில். பிரித்தபின் வரும் வயிற்றுப் பொருமலும் கழிச்சலும் வேறொரு சங்கதி. அதைத் தனியே எழுத வேண்டும்.

ஈன்ற மறுநாளே முயல் மீண்டும் சினைப்படக்கூடியது. அதைக் கேள்விப்பட்டுச் சிலர் அவசரப்படுகிறார்கள். தலையீற்றுத் தாயைக் குட்டி பிரித்த பின்னரே ஆணிடம் விட வேண்டும். அவ்வாறே, முதன்முதல் சேர்ப்பதையும் ஆறு மாதம் நிறையும் முன் செய்யலாகாது. தான் வளர்ந்து முடியாத பெட்டை குட்டியை வளர்க்க மாட்டாது.

திருநாவலூர்க் குடும்பத்தாரின் இரண்டாவது பெட்டை அதே ஆண்டு மாசி மாதத்தில் தலையீற்று ஈன்றது. பெட்டி இருபத்தெட்டாம் நாளில் வைக்கப்பட்டது. ஏழு குட்டிகளில் ஒன்று மூன்றாம் நாள் வெளியே விழுந்து இறந்தது. முன்பலகை உயரம் போதாமையே காரணம் என்று கண்டு, மூதாட்டியார் அன்றே ஒரு சட்டத்தை அடித்துச் சேர்த்தார். மற்ற ஆறும் வளர்ந்தன. முதலில் குட்டிகளைச் சிதறவிட்ட அந்தப் பெட்டையையும் அவர்கள் விற்றுவிடவில்லை. என் யோசனைப்படி இன்னும் ஓர் ஈற்று பார்த்தார்கள்; அம்முறை ஐந்து ஈன்று, பெட்டிக்குள் மயிரிட்டு, ஐந்தையும் வளர்த்தது. இரண்டாம் ஈற்றிலும், மூன்றாம் ஈற்றிலும் குட்டிகளைக் கெடுத்தால் மட்டும் அந்தப் பெட்டையை மந்தையிலிருந்து நீக்கிவிடலாம்.